கதவுப் படையின் பதினான்காம் சாட்சி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எழுத்தாளர்களான எங்கள் ஆட்கள் வழக்கமாக ஒரு மழையையோ ரயிலையோ யாரோ ஒரு பெண்ணின் முகத்தையோ கைகாட்டுவார்கள். இது ஒரு சம்மனிலிருந்து வந்தது. பழுப்புத் தாள், இரண்டு பக்கம், என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. 'அரசுத் தரப்புச் சாட்சி எண் 14' என்று என்னைக் குறிப்பிட்டிருந்தார்கள். முப்பது வருடமாக எழுதுகிறேன். எந்தப் பட்டியலிலும் முதல் இருபதுக்குள் நான் வந்தது இதுதான் முதல் தடவை.

வழக்கு பயங்கரவாத வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் சேவுகப்பெருமாள், பள்ளத்தூர், தச்சர், வயது ஐம்பத்தொன்று. இரண்டு வருடம் மூன்று மாதமாகச் சிறையில் இருக்கிறார். அவர் தலைமை தாங்கியதாகச் சொல்லப்படும் அமைப்பின் பெயர் கதவுப் படை.

அந்த அமைப்பை நிறுவியவன் நான். ஆறு வருடத்துக்கு முன்னால், காரைக்குடியில் என் வீட்டில், மதியச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே, ஒரு சிறுகதைக்காக நிறுவினேன். அந்தக் கதைக்கு வெளியே அதற்கு அலுவலகம் கிடையாது, ஆள் கிடையாது, ஒரு ரப்பர் ஸ்டாம்ப்கூடக் கிடையாது. இதை நீதிமன்றத்தில் சொன்னால் சேவுகப்பெருமாள் வெளியே வரக்கூடும். சொல்ல வேண்டியவன் நான்.

அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் இதை நான் ஏன் இரண்டு வருடமாகச் சொல்லவில்லை என்பது.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு மாளிகைகளின் நெடிய மௌனத்தில், ஒரு தேக்குக் கதவு தன் கடைசி—"

(நிறுத்திவிட்டேன். கதவு கடைசியாக ஒன்றும் செய்யவில்லை. லாரியில் ஏறிப் போனது.)

இரண்டாவது முயற்சி:

"பயங்கரவாதம் என்னும் கொடிய அரக்கன் மானுடத்தின் வாசலில்—"

(இது நான் கேட்ட ஒரு கருத்தரங்கத் தலைமையுரை. பேசியவர் அரக்கனை வாசலில் நிறுத்திவிட்டு நாற்பது நிமிடம் தன்னைப் பற்றிப் பேசினார். அரக்கன் போயிருப்பான்.)

மூன்றாவது:

"[ ] ஊரில் இருந்த மரக் கிடங்கு ஒரு ஞாயிறு மதியம் எரிந்தது."

இது நிற்கட்டும். அடைப்புக்குறிக்குள் ஊரின் பெயர் இருந்தது. அச்சுக்குப் போகும் முன் பிரதியைப் பார்த்த வக்கீல் ஆரோக்கிய ஷீலா அதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டார். சேவுகப்பெருமாளுக்காக வாதாடுபவர் அவர். ஓரத்தில், 'ஊர் எதற்கு? கிடங்கு போதும்' என்று எழுதியிருக்கிறார். என் பதிப்பாசிரியர் யாரும் இவ்வளவு சரியாக என்னைத் திருத்தியதில்லை.

பழைய வீடுகளைப் பிரித்து எடுத்த கதவு, நிலை, தூண் எல்லாம் கப்பலேறுவதற்கு முன் தங்கும் கிடங்கு அது. எரிந்தபோது உள்ளே இருந்த காவலாளி ஏகப்பனுக்கு இரண்டு கையும் வெந்துபோயின. வெளிக் கேட்டில் ஒரு ஜெராக்ஸ் தாள் ஒட்டியிருந்தது. அதில் 'கதவுப் படை' என்ற தலைப்பில் ஐந்து பிரகடனங்கள். நான்காவது: 'எங்கள் கதவைத் தொடுபவன் கிடங்கு எரியும்.'

என் வரி. பிரகடன பாஷையைக் கேலி செய்வதற்காக எழுதிய வரி. கதை வந்த புதிதில் யாரோ அந்த ஒரு பக்கத்தை மட்டும் படம் பிடித்து, என் பெயரை வெட்டிவிட்டு வாட்ஸப்பில் விட்டார்கள். அது ஊரெல்லாம் சுற்றிச் சிரிப்பு வாங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் யார் கையில் சேர்ந்து யார் ஒட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. துப்பறியும் கதைக்காக வந்திருப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

3

படை பிறந்த மதியத்தை அப்படியே சொல்கிறேன். (அப்படியே என்றால், ஞாபகம் இருக்கிற வரைக்கும். இந்தத் தடவை ஜாக்கிரதையாக இருக்கிறேன்.)

மழைக்கு என் பின்கதவு ஊதிக்கொண்டு மூட மறுத்தது. சேவுகப்பெருமாள் இழைப்புளியோடு வந்தார். கதவைக் கழற்றிக் குறுக்கே போட்டுச் சீவிக்கொண்டே பேசினார்.

"கண்டனூருல ஒரு வீடு பிரிச்சோம் சார். முப்பத்திரெண்டு கதவு. ஒண்ணொண்ணுக்கும் நம்பர் போட்டுச் சாக்கு சுத்தி அனுப்பியாச்சு. கடலுக்கு அங்குட்டு ஏதோ ஓட்டலாம்ல."

"மனசுக்குக் கஷ்டமா இல்லையா?" என்றேன். எழுத்தாளன் வேறென்ன கேட்பான்?

"என்னத்துக்கு? எங்க வீட்டுக் கதவா அது? பிரிக்கிறப்ப கால்ல விழுகாமப் பாத்துக்கிறதுதான் எனக்கிருந்த கஷ்டம்."

"நீங்கள்லாம் சேந்து ஒரு படை கட்டி அதையெல்லாம் மீட்டிருக்கணும்."

இழைப்புளியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தக் கதவுக்கு மறுபக்கம் பிடிக்க ஒரு ஆளு கெடைக்கல. நீங்கதான் பிடிச்சுக்கிட்டு இருக்கீக, அதுவும் கோணலா. இதுல படையாம்."

"கதையில வெச்சுக்கிறேன்."

"வைங்க, வைங்க. எம் பேரையே போடுங்க. தளபதின்னு போடுங்க. அப்பவாச்சும் எங்க வீட்டுல ஒரு மருவாதி கெடைக்கிதான்னு பாப்பம்."

போட்டேன். பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் போட்டேன். தச்சர்கள் ரகசியப் படை கட்டி, ஏற்றுமதியாகும் கதவுகளைக் கடத்தி, ஐந்து பிரகடனம் வெளியிடும் கதை. பத்திரிகையில் வந்ததும் முதல் பக்கத்தைக் கிழித்து லேமினேட் செய்து தன் பட்டறையில் மாட்டினார். மீதிப் பக்கங்களை அவர் படிக்கவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

4

இப்போது ஒரு மேடை.

அந்தக் கதை இடம்பெற்ற என் சிறுகதைத் தொகுப்பின் வெளியீட்டு விழா காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. நாற்பது பேர் இருந்திருப்பார்கள். எனக்கு முன் பேசியவர் என்னை 'மண்ணின் மனசாட்சி' என்றார். மற்றவர்களை இப்படிச் சொல்லும்போது பக்கம் பக்கமாகக் கிண்டல் எழுதியவன் நான். என்னைச் சொன்னபோது அது கொஞ்சம் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று பட்டது.

அந்த வேகத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "இந்தக் கதையில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. நான் வெறும் பதிவாளன். தளபதி இதோ, மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார்!"

சேவுகப்பெருமாள் எழுந்து நின்று கும்பிட்டார். கைதட்டல். யாரோ வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார். இன்றுவரை பார்த்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். அதில் பாதியாவது போலீஸாக இருக்கும்.

(தமிழ் எழுத்தாளன் ஒருவன் மேடையில் 'இது கற்பனை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. எழுதும்போது ராத்திரி பகலாகக் கற்பனை செய்கிறான்; மைக்கைக் கண்டதும் தான் கண்டதைச் சொன்ன சாட்சி ஆகிவிடுகிறான். சரி, சாட்சி ஆகியாயிற்று. எண் பதினான்கு.)

கிடங்கு எரிந்த பத்தாம் நாள் விசாரணை அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர். கையில் என் தொகுப்பு இருந்தது. பக்கங்களின் ஓரத்தில் பென்சில் குறிப்புகள்.

"நாலு தடவ படிச்சேன் சார். நல்லா எழுதியிருக்கீக."

"நன்றி."

"இந்தப் படை நெசமா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து அந்த வீடியோவை ஓட்டினார். என் குரல் என் வீட்டுக் கூடத்தில் கேட்டது.

"இது நீங்க பேசுனதுதான?"

"ஆமா."

"இப்பவும் அப்படித்தான் சொல்றீகளா?"

"ஆமா."

அந்த இரண்டாவது 'ஆமா'வுக்குக் காரணம் பயம் என்று எழுதினால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். பயமும் இருந்தது, பாதிதான். மறு பாதியைச் சொல்கிறேன்: நான்கு தடவை படித்துவிட்டு வந்திருக்கும் ஒரு வாசகரிடம், 'அதெல்லாம் சும்மா அடிச்சு விட்டது சார்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் வெறும் பதிவாளன் என்பதால் என்னை விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை பள்ளத்தூரில் தளபதியைப் பிடித்தார்கள். லேமினேட் செய்த பக்கத்தையும் ஆணியோடு எடுத்துக்கொண்டு போனார்கள்.

5

கட்டுரைப் பகுதி. சட்டம் அலுப்புத் தட்டும் என்பவர்களுக்கு: எனக்கும் அப்படித்தான் இருந்தது, தெரிந்த ஆள் உள்ளே போகிற வரைக்கும்.

பயங்கரவாதம் என்றால் என்ன என்பதற்கு உலக நாடுகள் எல்லாம் ஒப்புக்கொண்ட முழுமையான வரையறை இன்று வரை கிடையாது. பல பத்தாண்டுகளாகக் கூடிப் பேசுகிறார்கள், கலைகிறார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் வருவது என்பதிலேயே பங்காளிகளுக்குள் உடன்பாடு வருவதில்லை. வரையறை இல்லாவிட்டாலும் சட்டங்கள் இருக்கின்றன, எல்லா நாட்டிலும். எது என்று தெளிவாகத் தெரியாத ஒன்றுக்கு மிகத் தெளிவான சிறைகள்.

நம் சட்டத்தில் ஒரு பிரிவு. குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை என்று நம்ப இடமிருந்தால், பிணை கிடையாது. விசாரணை முடிந்து உண்மையா பொய்யா என்று தெரிவதற்கு வருடக்கணக்கில் ஆகலாம். அதுவரை உள்ளே.

முதல் பார்வைக்கு உண்மை போலத் தெரிய வேண்டும். இந்த வாக்கியத்தை நான் மூன்று தடவை படித்தேன். முப்பது வருடமாக நான் செய்துவரும் வேலை அது ஒன்றுதான். மூக்கின் மேல் மரத்தூள், கோணலாகப் பிடித்த கதவு என்று சின்னச் சின்னதாகக் கோத்து, இல்லாத ஒன்றை முதல் பார்வைக்கு உண்மை போலத் தெரிய வைப்பேன். நான் மட்டமாக எழுதியிருந்தால் சேவுகப்பெருமாள் இந்நேரம் வெளியே இருப்பார். என் நடையை எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு ஆளை உள்ளே வைக்கும் அளவுக்கு அது நன்றாக இருந்திருக்கிறது.

(இரண்டு பிணை மனு தள்ளுபடி. இந்த இடைவெளியில் நான் கருத்துச் சுதந்திரம் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதினேன். மூன்றுக்கும் நல்ல வரவேற்பு. மூன்றிலும் அவர் பெயர் இல்லை.)

6

சேவுகப்பெருமாளின் மனைவி யோகலட்சுமி ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான்கு பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"அண்ணே, ஒங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்குல்ல?" என்றார். "மெட்ராஸ்லருந்து ஒரு பொண்ணு பேசணுங்குது. முகம் தெரியணுமாம்."

கீர்த்தி என்ற அந்தப் பெண் சென்னையில் மனித உரிமை அமைப்பு ஒன்றில் வேலை பார்க்கிறார். இப்படிப்பட்ட வழக்குகளை ஜெனிவாவில் இருக்கும் ஐக்கிய நாடுகள் சபை ஆட்களுக்கு எழுதி அனுப்புவது அவர் வேலை. அவர்கள் அதை ஆராய்ந்து அந்தந்த நாட்டு அரசுக்குக் கடிதம் எழுதுவார்கள். கடிதம்தான் அவர்களுடைய ஒரே ஆயுதம். பீரங்கி வைத்திருப்பவர்களுக்கு இன்லாண்டு லெட்டர் போடுகிற வேலை என்று நான் மனதுக்குள் ஒரு வாக்கியம் தயாரித்து ரசித்துக்கொண்டேன்.

கீர்த்தி திரையில் ஒரு வரைவைப் படித்துக் காட்டினார்: "திரு. சேவுகப்பெருமாள், செட்டிநாட்டுப் பாரம்பரியத்தைப் பாதுகாக்கக் குரல் கொடுத்த கலாச்சாரப் போராளி..."

"அம்மா, நிப்பாட்டும்மா," என்றார் யோகலட்சுமி. "யாரு போராளி?"

"ஆன்ட்டி, அப்படி எழுதினா அவங்க சீக்கிரம் கவனிப்பாங்க."

"போராளின்னு சொல்லித்தான உள்ள வச்சிருக்காக? நீயும் அதையே எழுதுனா எப்படி? அவரு ஆசாரி. கூலிக்கு வேல பாக்குறவரு. பாரம்பரியத்தக் கழட்டி நம்பர் போட்டு லாரியில ஏத்துனதே அவருதான். அத எழுது."

திரையில் கீர்த்தி கீபோர்டைப் பார்த்துக் குனிந்தார். பிறகு டெலிட் பட்டனைத் தட்டும் சத்தம் கேட்டது, நீளமாக.

"சரி ஆன்ட்டி. வேற என்ன எழுதணும்?"

"அவரு கண்ணாடி ஒடஞ்சு போச்சு. பிடிச்சுட்டுப் போனப்பவே. ஏழு மாசமாக் குடுத்து விடுறேன், உள்ள விட மாட்டேங்கிறாக. அவரு மேல என்ன கேசுன்னு எழுதுன காயிதத்த அவரால படிக்க முடியல."

இதைக் கேட்டதும்தான் கீர்த்தியின் முகம் மாறியது. வேகமாகத் தட்டச்ச ஆரம்பித்தார். ஐந்து மாதம் கழித்து ஜெனிவாவிலிருந்து அரசுக்கு ஆறு பக்கக் கடிதம் போனது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் ஒன்பதாவது உறுப்பு: நியாயமான காலத்துக்குள் விசாரி, இல்லையேல் விடு. 1979 முதல் நம் நாடும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. பதினான்காவது உறுப்பு: ஒருவன் மேல் என்ன குற்றச்சாட்டு என்று அவனுக்குப் புரியும்படி சொல். அரசு 'கிடைக்கப்பெற்றது' என்று பதில் போட்டது.

அடுத்த வாரம் சிறையில் கண்ணாடியை வாங்கிக்கொண்டார்கள்.

ஆறு பக்கம், இரண்டு உறுப்பு, ஒரு கண்ணாடி. கிண்டல் செய்ய இதைவிட நல்ல இடம் எனக்கு அமையாது. செய்யவில்லை. முப்பது வருடம் எழுதிய நான் அந்த மனிதருக்கு ஒரு கண்ணாடித் துண்டுகூட வாங்கித் தரவில்லை.

"கண்ணாடி வந்ததும் மொதல்ல ஒங்க கதையத்தான் படிச்சாராம்," என்றார் யோகலட்சுமி, சிறையில் மனுப் போட்டு அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று. "குத்தப் பத்திரிகையில வச்சிருக்காகள்ல, முழுசா."

"என்ன சொன்னாரு?"

"நல்லாவே இல்லைன்னு சொல்லச் சொன்னாரு."

7

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தை விட்டுவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. முதல் பிரதியில் ஏகப்பனுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: இரண்டு கையும் வெந்துபோயின. குற்றப்பத்திரிகையிலும் அவருக்கு ஒரே ஒரு பத்திதான். போய்ப் பார்த்தேன். கண்டரமாணிக்கத்தில் தன் மகள் வீட்டில் இருக்கிறார். விரல்கள் ஒட்டிக்கொண்டு விரியாமல் இருந்தன. மகள் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"கதை எழுதுறவரா?" என்றார். "நீங்க எழுதுன காயிதந்தான் கேட்டுல ஒட்டியிருந்துச்சு?"

"ஆமா."

"நல்லா வருவீக."

அவரே தொடர்ந்தார்.

"ஒரு கூட்டம் வந்து அந்த ஆசாரியத் தூக்குல போடணுங்குது. இன்னொரு கூட்டம் வந்து அவருக்கு உரிமை இருக்கு, விடணுங்குது. எங்கையப் பத்தி ஒரு பயலும் கேக்கல. ஒங்க வெளிநாட்டுக்காரக விதியில கைக்கு ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு," என்றேன். கீர்த்தியிடம் கேட்டு வைத்திருந்தேன். "உயிரக் காப்பாத்த வேண்டியது அரசாங்கத்தோட பொறுப்பு. யார் செஞ்சாங்கன்னு ஒழுங்காக் கண்டுபிடிக்கிறதும்தான். நஷ்டஈடும்."

"கண்டுபிடிச்சுட்டாகளா?"

"ஆசாரியப் பிடிச்சிருக்காங்க."

"நாங் கேட்டது அது இல்ல." வெந்த கையால் முழங்காலைத் தட்டினார். "அந்த ஆளப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நல்லவனோ கெட்டவனோ. ஆனா அவரு செய்யலைன்னு வையிங்க. செஞ்சவன் எங்குட்டோ டீ குடிச்சுக்கிட்டு இருப்பான். தேடவே மாட்டாகள்ல? ஆளு கெடச்சிருச்சுல்ல?"

பயங்கரவாதமும் மனித உரிமையும் பற்றி நான் கேட்ட எல்லாக் கருத்தரங்கங்களையும் ஏகப்பன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் முடித்து வைத்தார். ஒரு அப்பாவியை உள்ளே வைத்திருப்பது அவனுக்கு மட்டும் செய்யும் அநியாயம் என்று நினைத்திருந்தேன். அது ஏகப்பனுக்கும் செய்வது என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

கிளம்பும்போது, "என் பேரப் போடுவீகளா?" என்று கேட்டார்.

"வேண்டாம்னா மாத்திடுறேன்."

"மாத்துங்க. பேரப் போட்டு நீங்க எழுதுன எவனும் நல்லா இருந்ததாத் தெரியல."

8

சம்மன் வந்ததும் ஆரோக்கிய ஷீலாவின் அலுவலகத்துக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"சார், நீங்க அவுங்க சாட்சி. ஒங்ககிட்ட நான் கேஸப் பத்திப் பேசக் கூடாது. பேசுனா சாட்சியக் கலைக்கிறேன்னு என்மேல சொல்லுவாங்க."

"நான் என்ன சொல்லணும்னு..."

"உண்மையச் சொல்லுங்க. அது எல்லாருக்கும் பொதுவான அட்வைஸ். எங்க பங்குத்தந்தையும் அதத்தான் சொல்லுவாரு, பீஸ் கெடையாது." கதவைச் சாத்தப் போனவர் நின்றார். "போலீஸ்ல ஒண்ணு சொல்லிட்டு கூண்டுல இன்னொண்ணு சொன்னா, பிறழ் சாட்சிம்பாங்க. பொய்ச் சாட்சின்னு ஒங்க மேலயே கேஸ் போடச் சொல்லிக் கேக்கலாம். படைய நீங்களே உண்டாக்குனதா ஒத்துக்கிறீங்கன்னும் பிடிக்கலாம். இது சட்டப் புத்தகத்துலயே இருக்கு, நான் சொன்னதா வச்சுக்காதீங்க."

வீட்டுக்கு வந்து இந்தக் கதைக்கான முடிவுகளை எழுத உட்கார்ந்தேன்.

முடிவு அ: நான் கூண்டில் ஏறி முழங்குகிறேன். 'கற்பனைக்குக் கைவிலங்கா?' நீதிமன்றமே எழுந்து நிற்கிறது.

முடிவு ஆ: நான் உண்மையைச் சொல்கிறேன். என்னைக் கைது செய்கிறார்கள். சிறையில் நான் ஒரு பெரிய நாவல்—

முடிவு இ: நான் தயங்குகிறேன். பாதி சொல்கிறேன். குற்ற உணர்வில் காலமெல்லாம் வெந்து—

யோகலட்சுமி வீட்டுக்குப் போய் மூன்றையும் படித்துக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டே கேட்டார்.

"மூணும் ஒங்களப் பத்தித்தான் இருக்கு," என்றார். "அவரு எங்க?"

மூன்று தாளையும் புரட்டிப் பார்த்தேன்.

"போன கதையில அவரக் கடைசியில கொன்னுட்டீகளாமே. தளபதி கதவுக்கு அடியில நசுங்கிச் செத்தாருன்னு. சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. சிரிச்சு முடிச்சதும் கம்பியப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறாரு." தண்ணீரைக் கொட்டினார். "இந்தக் கதையில அவரு பேரு வேணாமாம் அண்ணே. 'போன தடவ நானே போடச் சொன்னேன், இந்தத் தடவ வேணாம்'னு சொல்லச் சொன்னாரு."

ஆகவே ஒரு திருத்தம். சேவுகப்பெருமாள் என்பது அவர் பெயரல்ல. நான் வைத்தது. பள்ளத்தூர் பஸ்ஸில் ஏறி யாரும் தேடிப் போக வேண்டாம், பள்ளத்தூரும் மாற்றியதுதான்.

9

ஏறினேன்.

கூண்டு என்று சொல்கிறார்களே தவிர, இடுப்பு உயர மரச் சட்டம்தான். எதிரே இன்னொரு சட்டத்துக்குப் பின்னால் அவர் நின்றார். பத்து கிலோ குறைந்திருந்தார். கண்ணாடி மூக்குக்குக் கொஞ்சம் பெரியது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார், கல்யாண வீட்டில் எதிர்ப்பந்தியில் இருப்பவரைப் பார்ப்பது போல.

அரசு வழக்கறிஞர் வீடியோவை ஓட்டினார்.

"இதில் பேசுவது நீங்கள்தானே?"

"நான்தான்."

"'ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை' என்கிறீர்கள். அது உண்மைதானே?"

"இல்லை. பொய்."

எழுதிக்கொண்டிருந்த தட்டச்சர் விரலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அரசு வழக்கறிஞர் என்னைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கேட்டார். நீதிபதி அம்மா அனுமதித்தார். கண்டிப்பானவர், காலையிலிருந்து ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"விசாரணை அதிகாரியிடமும் அதையே சொன்னீர்கள்."

"அதுவும் பொய். படையை நான்தான் எழுதினேன். பிரகடனத்தையும் நான்தான் எழுதினேன். கைதாகும் வரை இவர் அதைப் படித்ததுகூட இல்லை."

"அன்றைக்கு மேடையில் பொய் சொன்னீர்கள். அதிகாரியிடம் பொய் சொன்னீர்கள்." அவர் கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். நல்ல நடிகர். "பொய் சொல்வதே உங்கள் தொழில். இன்றைக்குச் சொல்வது மட்டும் உண்மை என்று இந்த நீதிமன்றம் எப்படி நம்புவது?"

நியாயமான கேள்வி. என் முப்பது வருட எழுத்துக்கு இதைவிடச் சுருக்கமான மதிப்புரை வந்ததில்லை. முந்தின இரவு முழுக்க ஒத்திகை பார்த்த முழக்கம் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

"அன்றைக்கு அதைச் சொன்னதற்கு எனக்குச் சால்வை போர்த்தினார்கள்," என்றேன். "இன்றைக்குச் சொல்வதற்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே எனக்குச் சொல்லுங்கள்."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"அந்தக் கதையில் உண்மை என்று எதுவுமே இல்லையா?"

"மூன்று இருக்கிறது அம்மா. இவருடைய பெயர், ஊர், தொழில். கற்பனை செய்திருக்க வேண்டியது அந்த மூன்றைத்தான்."

அதைத் தட்டச்சு செய்துகொண்டார்கள்.

மதியம் ஆரோக்கிய ஷீலா மூன்றாவது பிணை மனுவின் மேல் வாதாடினார். அமைப்பு என்ற ஒன்று இருந்ததற்கு இந்தச் சாட்சியைத் தவிர வேறு ஆதாரம் இல்லை, இப்போது இவரும் இல்லை என்றார். ஒன்பதாவது உறுப்பையும் வாசித்தார். அரசு வழக்கறிஞர், பொய்ச் சாட்சிக்காக என் மேல் நடவடிக்கை எடுக்க மனுக் கொடுத்தார். இரண்டிலும் உத்தரவு இருபத்தேழாம் தேதி.

அவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது வாசலருகே என்னைக் கடந்தார். இரண்டு பக்கமும் காவலர்கள். பேசக் கூடாது. பேசினார்.

"கொஞ்சம் சத்தமாப் பேசிருக்கலாம் சார். பாதி கேக்கல."

10

இது இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. உங்கள் கைக்கு வரும்போது இருபத்தேழு தாண்டியிருக்கும். அவர் வெளியே வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், நான் உள்ளே போயிருக்கலாம். ஏகப்பனின் கையை வேக வைத்தவனை யாராவது தேட ஆரம்பித்திருக்கலாம். அதுதான் எல்லாவற்றையும்விட நம்புவதற்குக் கஷ்டமான முடிவு.

என்னிடம் முடிவு கேட்காதீர்கள். இந்த மனிதருக்கு ஏற்கெனவே ஒரு தடவை நான் முடிவு எழுதியிருக்கிறேன். அது குற்றப்பத்திரிகையில் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து இருக்கிறது.

கீழே நான்கு வரி இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

[                    ]
[                    ]
[                    ]
[                    ]

நீங்கள் எழுதுங்கள். அவரை விடுதலை செய்து எழுதினாலும் சரி, எப்படி எழுதினாலும் சரி, மேலே 'கற்பனை' என்று பெரிதாகப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பிறகு யாராவது உங்களை மேடையேற்றி மைக்கை நீட்டினாலும், அது கற்பனை என்பதை மறுக்காதீர்கள்.